கோடு போட்ட பன்றியும் தோற்றுப்போன ஆளுநரும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மக்களாட்சியைத் தாங்கி நிற்பது வென்றவரின் விடாமுயற்சியா, தோற்றவரின் பெருந்தன்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெருந்தன்மையே என்று பேச வந்திருக்கிறேன். நேரே பன்றிக்கு வந்துவிடுகிறேன்.

ஆமாம், பன்றிதான். 1838. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம். அங்கே ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அந்நாளில் ஆண்டுக்கொரு தேர்தல். அப்போதைய ஆளுநர் எட்வர்ட் எவரெட் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 15 காலனுக்குக் குறைவாகச் சாராயம் விற்கக் கூடாது, வாங்கியதை ஒரே நடையில் கொண்டு போய்விட வேண்டும். 15 காலன் என்றால் ஏறக்குறைய 57 லிட்டர்! வசதியுள்ளவர் வண்டி கட்டி வந்து பீப்பாயோடு ஏற்றிப் போவார். ஒரு குவளைக்கு மட்டும் காசு வைத்திருக்கிற கூலிக்காரர் என்ன செய்வார்?

டெடம் என்ற ஊரில் ஊர்ப்படை அணிவகுப்பு. நல்ல கூட்டம். ஒரு புண்ணியவான் ஓரமாகக் கூடாரம் அடித்தார். ஒரு பன்றியைப் பிடித்து, முதுகில் பட்டை பட்டையாகச் சாயம் பூசினார். ‘கோடு போட்ட பன்றி! பார்க்க ஆறு சென்ட்!’ உள்ளே போனால் பன்றி நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு குவளை ரம் நிற்கிறது. ரம் விற்பனைக்கு இல்லை ஐயா, பன்றியைப் பார்த்தவருக்கு இலவசம்!

பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்கிறது கதை. அந்த வரிசையை நினைத்துப் பார்க்கிறேன். வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர் மறுபடி வரிசையில் நிற்கிறார். ‘இப்பத்தானே பார்த்தீங்க?’ ‘இடது பக்கம்தான் பார்த்தேன், வலது பக்கம் பாக்கி இருக்கு.’ மூன்றாவது தடவை? ‘வால் பக்கம் எத்தனை கோடுன்னு எண்ண மறந்துட்டேன்!’ நாலாவது தடவை போனவருக்கு உள்ளே இரண்டு பன்றி தெரிந்திருக்கும் நடுவர் அவர்களே!

ஊர் சிரித்தது. பத்திரிகை சிரித்தது. கோடு போட்ட பன்றி மாநிலம் முழுக்க ஓடியது. 1839 நவம்பரில் தேர்தல். எவரெட்டை எதிர்த்தவர் நீதிபதி மார்கஸ் மார்ட்டன். எதிரணி கொண்டாடும் அதே மார்ட்டன். 1828 முதல் ஆண்டு தவறாமல் நின்று தோற்றவர். அந்த உழைப்பை நானும் வணங்குகிறேன். ஆனால் அத்தனை ஆண்டுகள் திறக்காத கதவை அந்த முறை முட்டித் திறந்தது பன்றி!

பதிவான ஓட்டு 1,02,066. வெல்ல, பாதியைத் தாண்ட வேண்டும். பாதி 51,033. மார்ட்டன் வாங்கியது 51,034. எவரெட் 50,725. மீதி 307 உதிரி. ஒரே ஓட்டு! அது வேறு பெயருக்கு விழுந்திருந்தால் மார்ட்டன் ஆளுநர் இல்லை.

இந்த இடத்தில்தான் எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். நீங்கள் எல்லாம் கை தட்டினீர்கள். ‘தோத்தவன் பெருந்தன்மை காட்டாம என்ன பண்ணுவான்? பொண்ணு கிடைக்காதவன் பந்தியில உக்காந்து பாயசம் குடிக்கிற மாதிரிதான்!’ என்றார்.

அண்ணே, அந்தக் கல்யாணத்தைக் கொஞ்சம் விசாரிப்போமா? மண்டபம் யாருடையது? எவரெட்டின் விக் கட்சியுடையது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் ஆளுநரைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்றம். அங்கே பெரும்பான்மை விக் கட்சிக்கு. மார்ட்டனுக்கு விழுந்த ஓட்டுச் சீட்டில் இரண்டே இரண்டைச் செல்லாது என்று தள்ளியிருந்தால் போதும், கணக்கு சரிபாதியில் வந்து நின்றிருக்கும். ஒரு லட்சம் சீட்டில் மை கொட்டியது இரண்டு, பெயர் கோணியது இரண்டு, தேடினால் கிடைக்காதா? தாலி எவரெட் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது அண்ணே! வழக்காட மாட்டேன் என்று மறுத்துவிட்டு எழுந்து போனார். அவர் குடித்ததா பாயசம்?

நாற்பத்தைந்து வயது. படித்த படிப்பென்ன, பேச்சென்ன! தோற்கடித்ததோ சாயம் பூசிய ஒரு பன்றி. எனக்கு நடந்திருந்தால் ஒரு வருடம் வீட்டை விட்டு வெளியே வந்திருக்க மாட்டேன். 1840 ஜனவரியில் மார்ட்டன் பதவி ஏற்றார், அந்தச் சட்டமும் அந்த ஆண்டே ரத்தானது. அங்கே ஒரு கல்கூட எறியப்படவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கொடுங்கள்.

1863, கெட்டிஸ்பர்க். அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் செத்தவர்களின் கல்லறைத் திடல். அன்று முதன்மைப் பேச்சாளர் இதே எவரெட். இரண்டு மணி நேரம் பேசினார். பிறகு எழுந்த லிங்கன் பேசியது இரண்டே நிமிடம் போல. உலகம் எதை நினைவில் வைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மறுநாளே எவரெட் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்: நான் இரண்டு மணி நேரத்தில் தொட முயன்றதை நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டீர்கள் என்று.

அதற்கு அடுத்த குளிர்காலம். தெற்கே சவானா நகரம் வடக்குப் படையிடம் விழுந்தது. எதிரியின் ஊர். அங்கே ஏழைகள் பட்டினி. 1865 ஜனவரி 9, பாஸ்டனில், ஃபேனுயில் மண்டபத்தில், எழுபது வயது எவரெட் மேடை ஏறினார். தோற்றுப்போன ஊருக்குச் சோறு அனுப்புங்கள் என்று தன் ஊராரிடம் கையேந்திப் பேசினார். அந்தக் கூட்டத்தில் பிடித்த சளி விடவில்லை. ஆறாம் நாள் இறந்துபோனார்.

அந்த மனிதருக்காகத்தான் நடுவர் அவர்களே, இவ்வளவு நேரம் நின்றேன். வணக்கம்.