முடிவும் இடையூறும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். புத்தாண்டு பிறந்து மூன்று வாரம் கழித்து இந்தத் தலைப்பில் பேச என்னை அழைத்தது நல்ல கணக்கு. முதல் தேதியிலேயே அழைத்திருந்தால் இங்குள்ள எல்லோருடைய தீர்மானமும் உயிரோடு இருந்திருக்கும். நான் பேசுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. என் வீட்டு அலமாரியில் பழைய டைரிகள் ஒன்பது இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அடிக்கோடிட்ட ஒரு தலைப்பு, அதன்கீழ் நான்கைந்து தீர்மானங்கள். பொங்கல் வரை எழுத்து நெருக்கமாக ஓடும். அதற்குப் பிறகு பால் கணக்கும் மளிகைக் கணக்கும்தான்.

அவற்றை அண்மையில் எடுத்துப் பார்த்தபோது, வினைசெயல்வகை அதிகாரத்தின் ஒரு குறள் என்னைச் சுட்டது. 'முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும் படுபயனும் பார்த்துச் செயல்.' முடிவு என்ற சொல்லைக் கண்டதும் கடைசியில் கிடைப்பது என்றே நாம் பொருள் கொள்வோம். பரிமேலழகரோ, வினை முடிவதற்கு வேண்டிய முயற்சி என்று உரை சொல்கிறார். எவ்வளவு உழைக்க வேண்டும், வழியில் எது குறுக்கிடும், முடிந்தால் என்ன கிட்டும் என்ற மூன்றையும் சீர்தூக்கிச் செய்க என்பது குறளின் கருத்து. என் டைரிகளில் இருந்தது மூன்றாவது மட்டும்தான். எடை குறையும், ஆங்கிலம் சரளமாக வரும், கடன் அடையும் என்று பயனையெல்லாம் அழகாக எழுதிவிட்டு, முயற்சிக்கும் இடையூறுக்கும் உரிய இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

இதற்கு மாறான ஒரு வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர், அதே ஆண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியாரிடம், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஒரு நீண்ட வரிசையைச் சொல்லியும் முதலியார் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இருபத்தைந்து வயது ஆசிரியரிடம் அதற்கு விடை இல்லை. பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அவருடைய வாழ்நாள் வேலை முதல் தேதித் தீர்மானமாகப் பிறக்கவில்லை, ஒரு சங்கடத்தில் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலியார் தம்மிடமிருந்த பிரதியைக் கொடுத்தார். படிக்கத் தொடங்கியதும் இடையூறு தொடங்கிற்று. ஏட்டில் புள்ளி இராது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். ஓலையைப் பார்த்து எழுதிய படியிலும் இந்தக் குழப்பங்கள் தொடரும். 'கொ' என்பதா, 'கோ' என்பதா, 'கெர' என்பதா என்று ஒவ்வோரிடத்திலும் பொருளை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள். அவற்றுக்கு நச்சினார்க்கினியர் உரை. அந்த உரைக்குள் எந்த நூலுடையது என்றே தெரியாத மேற்கோள்கள். பகலில் கல்லூரி வேலை வேறு.

சாமிநாதையர் இவற்றையெல்லாம் முன்கூட்டியே எண்ணித்தான் இறங்கினார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அது மேடைக்காகச் சொன்ன பொய்யாகிவிடும். ஆனால் குறுக்கிட்ட ஒவ்வொன்றையும் அவர் அன்றைய வேலையாக மாற்றிக்கொண்டார். பாடம் ஐயமா, இன்னொரு ஏட்டுப்பிரதியைத் தேடினார். மேற்கோள் விளங்கவில்லையா, அவற்றைத் திரட்டிக் குறித்துவைத்தார். சமயக் கருத்து பிடிபடவில்லையா, சைவச் சூழலில் கற்றவரான அவர் கும்பகோணத்துச் சைனர்களின், அதாவது சமணர்களின், வீட்டுக்கே போய்க் கேட்டார். அவர்கள் சிந்தாமணியைப் பாராயண நூலாகவே போற்றி வந்தவர்கள். மேலே சொன்ன குறளுக்கு அடுத்த குறள் இதைத்தான் பேசுகிறது: 'செய்வினை செய்வான் செயன்முறை அவ்வினை உள்ளறிவான் உள்ளம் கொளல்.' ஒரு வினையின் உள் இயல்பை அறிந்தவனுடைய கருத்தைக் கேட்டுக்கொள். நம்மில் பலர் தீர்மானத்தை நண்பர்களிடமெல்லாம் சொல்வோம். உள்ளறிந்த ஒருவரிடம் போய், முதலில் எது சிக்கும் என்று கேட்கமாட்டோம். கேட்டால் நம் அறியாமை வெளிப்பட்டுவிடுமே என்ற கூச்சம். கல்லூரி ஆசிரியருக்கு இருந்திருக்க வேண்டிய அந்தக் கூச்சத்தை அவர் திண்ணையிலேயே கழற்றிவைத்துவிட்டுப் போனார் என்பதே என் எண்ணம்.

அச்சிடப் பணம் இல்லாமல், நூலை வாங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் திரட்டிய கதை தனியே ஒரு மாலைக்கு ஆகும். சீவக சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. முதலியாரின் கேள்விக்கும் நூலுக்கும் இடையே ஏழாண்டு. அந்த ஏழாண்டில் விளங்காமல் தொல்லை கொடுத்த மேற்கோள்களில் பல பத்துப்பாட்டு முதலிய பழைய நூல்களின் அடிகள் என்று தெரியவந்ததால், இடையூறே அடுத்த வேலையைக் காட்டிக்கொடுத்தது. பத்துப்பாட்டு 1889இல் வந்தது. ஒரு வினையால் இன்னொரு வினையை முடித்துக்கொள்வதை, யானையைக் கொண்டு யானையைப் பிடிப்பது போல என்கிறார் வள்ளுவர். சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று அந்த யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குறுந்தொகையை அவர் பதிப்பித்த 1937இல் அவருக்கு வயது 82.

என் பத்தாவது டைரியில் இவ்வாண்டு ஒரே ஒரு தீர்மானம்தான் இருக்கிறது: நீந்தக் கற்றுக்கொள்வது. ஐம்பத்து நான்கு வயதில் ஏன் என்று கேட்காதீர்கள்; ஏரிக்கரையில் பேரனுக்கு முன்னால் நேர்ந்த ஒரு சங்கடம். பயன் என்ற சொல்லுக்கு மேலே இம்முறை இரண்டு வரி எழுதினேன். முயற்சி: காலை ஐந்தே முக்கால் பேருந்து. இடையூறு: மார்கழிக் குளிர், சளி, எல்லாவற்றுக்கும் மேலாக மூக்குக்குள் தண்ணீர் போய்விடுமோ என்ற பயம். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கும் தம்பியிடம் போய், உங்களிடம் வருபவர்கள் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கையையும் காலையும் அப்புறம் பாத்துக்கலாம் சார். பத்து நாளைக்கு கம்பியைப் புடிச்சுக்கிட்டு, முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு மூச்சை வெளிய விடுங்க, அது போதும்" என்றார்.

இன்று ஏழாவது நாள். இன்னும் கம்பியை விடவில்லை.