எட்டாவது சர்வர்

வணக்கம். ஒரு ஆப்ப லட்சம் பேரு ஒரே நேரத்துல தொறந்தாலும் அது படுத்துராம எப்படி ஓடுதுன்னு பேசத்தான் வந்திருக்கேன்.

பேங்க்ல டோக்கன் குடுத்து எந்த கவுன்ட்டர் காலியோ அங்க அனுப்புறாங்கல்ல, லோட் பேலன்சர் பண்றதும் அதேதான். பின்னாடி எட்டு பத்து சர்வர், அதாவது ஆப்ப ஓட்டுற கம்ப்யூட்டர், ஒரே வேலையைச் செய்யும், இது முன்னாடி நின்னு வர்ற ரிக்வெஸ்ட்ட பிரிச்சு விடும். சில செகண்டுக்கு ஒருவாட்டி ஒவ்வொரு சர்வரையும் உசுரோட இருக்கியான்னு கேக்கும், பதில் வரலன்னா அதை ஒதுக்கிரும். ஹெச்ஏபிராக்ஸின்னு இலவசமா கிடைக்கிற சாஃப்ட்வேரே இதை அருமையா பண்ணுது.

ஆனா உசுரோட இருக்குற சர்வர், தப்பான கோடை, அதாவது தப்பான புரோகிராமை, ஓட்டிக்கிட்டு இருந்தா?

2012 ஆகஸ்ட் 1, அமெரிக்காவுல நைட் கேபிடல்னு பெரிய பங்கு வர்த்தக கம்பெனி. அவங்க ஆர்டர் அனுப்புற சிஸ்டம் எட்டு சர்வர்ல ஓடுச்சு, புது கோடை ஒருத்தர் ஏத்தும்போது ஏழுல ஏத்திட்டு ஒண்ண விட்டுட்டாரு. அந்த எட்டாவதுல 2003லயே பயன்படுத்துறத நிறுத்திட்ட பழைய கோடு தூங்கிக்கிட்டு இருந்துச்சு, புது கோடுக்கு வெச்ச ஃபிளாக்கும், அதாவது அதை ஓட வைக்கிற சுவிட்ச் மாதிரி குறியும், அந்த பழசோடதேதான், அதனால காலையில மார்க்கெட் தொறந்ததும் அங்க வந்த ஆர்டர் அதை எழுப்பிவிட்டுருச்சு, ஆர்டர் முடிஞ்சது கூட தெரியாம அது வாங்கி வித்துக்கிட்டே இருந்துச்சு. பதறிப்போயி அந்த ஏழுலயும் புது கோடை எடுத்துட்டாங்க, இப்ப எட்டுலயும் பழசு! 45 நிமிஷம், 40 லட்சத்துக்கும் மேல டிரேடு, 46 கோடி டாலருக்கு மேல நஷ்டம். மார்க்கெட் தொறக்கறதுக்கு முன்னாடியே சிஸ்டத்துலேர்ந்து 97 மெயில் வந்திருக்கு, யாரும் அதை எச்சரிக்கையா பாக்கல.

அந்த ஆள் மேல எனக்கு கோவமே வரல. இன்னொருத்தர் சரிபாக்கணும்னு எழுதி வெச்ச விதியே அங்க இல்ல. எட்டுலயும் ஏத்தினோமான்னு ஒரு மனுஷன் ஞாபகத்துல வெச்சுக்கணும்னு விட்டதுதான் தப்பு.

டெவ்ஆப்ஸ்காரங்க, அதாவது கோடை சர்வர்ல ஏத்தி ஓட வைக்கிறவங்க, ஸ்கிரிப்ட் ஸ்கிரிப்ட்னு உயிர விடுறது இதுக்குத்தான். ஸ்கிரிப்ட்னா மனுஷன் செய்ற படிகள வரிசையா தானே செய்ற குட்டி புரோகிராம். அது ஒரு சர்வர லோட் பேலன்சர்லேர்ந்து வெளிய எடுக்கும், கையில இருக்குற வேலைய முடிக்க விடும், புது வெர்ஷன ஏத்தி, டெஸ்ட் ஓட்டி, வெர்ஷன் நம்பரையும் கேட்டு பாத்துட்டுதான் திரும்ப வரிசையில சேக்கும், அப்புறம்தான் அடுத்தது. பழசுக்கு திரும்புறதுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கணும், அதையும் சும்மா இருக்குற நாள்லயே ஓட்டிப் பாத்திருக்கணும், நெருப்பு புடிச்சப்புறம் வாளி தேடக் கூடாது.

அப்படி ஒண்ணு அங்க இருந்திருந்தா, எட்டாவது சர்வர்கிட்ட வெர்ஷன் நம்பர் கேட்டு, பழசு வந்ததும் சிவப்பு காட்டி நின்னிருக்கும், மார்க்கெட் தொறக்க அப்ப இன்னும் நேரம் இருந்துச்சு.

நன்றி, வணக்கம்.