நெஞ்சே நீ வா

நேயர்களுக்கு வணக்கம்.

இன்னும் பொழுது புலரவில்லை. திருவதிகையில் ஒரு பெண் கையில் விளக்குமாறும் தண்ணீர்த் தோண்டியும் சாணமுமாகக் கோயிலுக்குப் புறப்படுகிறார். இன்றைய பண்ருட்டியை ஒட்டிய அதே திருவதிகைதான். காலம் 7ஆம் நூற்றாண்டு. அவர் பின்னால் தம்பி வருகிறார். சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த இடத்தில் இருந்தவர், பெரிய படிப்பாளி. சூலை என்னும் கொடிய வயிற்றுவலி தாங்காமல் அக்காவைத் தேடி வந்திருக்கிறார். அக்கா திலகவதியார் அவரிடம் தத்துவம் பேசியதாகப் பெரியபுராணம் சொல்லவில்லை. நெற்றிக்குத் திருநீறு கொடுத்தார். தாம் தினமும் கோயிலைப் பெருக்கப் போகும் வழியில் தம்பியையும் கூட அழைத்துப் போனார். அங்கே பிறந்ததுதான் "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்ற பதிகம். தருமசேனர் திருநாவுக்கரசர் ஆனார். நாம் அப்பர் என்கிறோம்.

நம் ஆன்மிக மரபை இன்றைய வாழ்க்கைக்குள் எப்படி மீட்டுக் கொண்டுவருவது என்று பேசச் சொல்லி இந்த நிலையத்தார் என்னை அழைத்தார்கள். ஒரு வாரமாக யோசித்தேன். அந்த அக்காவின் கையில் இருந்த விளக்குமாறுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். பதினோரு வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில்களைச் சுத்தம் செய்யும் உழவாரப்பணிக் குழுவோடு ஏதாவது ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்ததை அங்கிருந்துதான் சொல்ல முடியும்.

சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி சொல்வார்கள். கோயிலைப் பெருக்குவது, மெழுகுவது, பூத்தொடுப்பது, விளக்கேற்றுவது எல்லாம் சரியை. உடம்பால் செய்யும் தொண்டு. அதற்கு எடுத்துக்காட்டாக மரபு காட்டுவது அப்பரைத்தான். இந்த நான்கும் அரும்பு, மலர், காய், கனி போல என்று தாயுமானவர் பாடினார். இன்று நம்மில் நிறையப் பேர் நேரே கனிக்குக் கை நீட்டுகிறோம். யோக வகுப்பு, தியான முகாம், கைப்பேசியில் ஞானச் சொற்பொழிவு. அவற்றால் நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருடம் தியானம் கற்றும் மனம் நிற்கவில்லை என்று வருந்திய ஒரு பிள்ளை எங்களோடு வந்து, ஒரு தூணின் அடியைச் சுரண்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்தபோதுதான் மணி பார்த்தான். அவன் சென்னையில் கணினி வேலை பார்ப்பவன். இப்போது மாதாமாதம் இரவுப் பேருந்து ஏறி வருகிறான்.

தூணின் அடியில் சுரண்ட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குருக்கள் கொடுக்கும் திருநீற்றில் நெற்றிக்கு இட்டது போக மிச்சத்தைத் தூணில் கொட்டிவிட்டுப் போகிறோமே, அது வருடக்கணக்கில் எண்ணெயோடு சேர்ந்து பாறையாக இறுகிவிடும். விளக்கேற்றிய விரலைச் சுவரில் துடைக்கிறோம். அந்தப் பிசுக்கு மேல் தூசி, தூசி மேல் புகைக்கரி. ஒருமுறை அப்படி ஒரு சுவரைத் துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது எழுத்து தெரிந்தது. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும் கல்வெட்டு. ஒரு நந்தா விளக்குக்கு யாரோ 96 ஆடு கொடுத்த செய்தி. 'சாவா மூவாப் பேராடு' என்று இருந்தது. சாகாத, மூப்பில்லாத ஆடுகள். ஆடு செத்தாலும் குட்டிகளால் மந்தையின் கணக்கு குறையாமல் இருக்க வேண்டும், அதன் நெய்யில் விளக்கு என்றைக்கும் எரிய வேண்டும் என்ற ஏற்பாடு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இந்தத் தொடர் நிறைய வரும். வகுப்பில் பலமுறை நடத்தியும் இருக்கிறேன். அன்றைக்கு அதை விரலால் தடவியபோது அழுதுவிட்டேன். பெயர் தெரியாத ஒருவர் ஆயிரம் வருடத்துக்கு முன் விட்டுப்போன வாக்கு. அதன் மேல் நாங்கள் கை துடைத்திருக்கிறோம்.

கோபுரத்தில் முளைக்கும் ஆலும் அரசும் வேறு வகை வேலை. பறவை எச்சத்தில் விதை வந்து விழும். சுண்ணாம்புக் காரை வெடித்த இடுக்கில் வேர் இறங்கும். வேர் பருத்தால் கல் விலகும். மேலே இருக்கும் கிளையை மட்டும் வெட்டினால் இரண்டு மழையில் மறுபடி தழைத்துவிடும். வேரோடு எடுத்து, அந்த இடத்தை விவரம் தெரிந்த ஸ்தபதியைக் கொண்டு அடைக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் கோபுரத்தின் மேல் ஏறிவிடாதீர்கள். கோயில் நிர்வாகத்திடமும் குருக்களிடமும் அனுமதி கேட்டுவிட்டே எதையும் தொடுங்கள். அமிலம் வேண்டாம், கம்பித் தேய்ப்பான் வேண்டாம். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது வந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். கல்வெட்டின் எழுத்தும் சிற்பத்தின் முகமும் அதில் மழுங்கிப் போகும், போனால் போனதுதான்.

உழவாரம் என்பது தட்டையான இரும்பு முனையும் நீண்ட பிடியும் கொண்ட புல் செதுக்கும் கருவி. கோயிலில் நால்வர் திருமேனிகளில் அப்பரை அந்தக் கருவியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். 81 வயது வரை வாழ்ந்தார் என்பது மரபு. முதுமையிலும் அது அவர் கையை விட்டு அகலவில்லை. திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் வெளிப்பட்டனவாம். பருக்கைக் கல்லோடு சேர்த்து அவற்றையும் உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். நடக்கிறவர் காலில் எது குத்தினாலும் அவருக்கு அது கல்தான்.

"என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற அவருடைய வரி நம் எல்லோருக்கும் தெரியும். மேடையில் சொல்கிறோம், அலுவலகச் சுவரில் எழுதி வைக்கிறோம். அது காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், தேர் வடிவில் நிற்கும் மேலக்கடம்பூர்க் கோயிலைப் பாடிய பாட்டு. அதற்கு முந்தைய வரியை நாம் விட்டுவிடுகிறோம்: "தன் கடன் அடியேனையும் தாங்குதல்." என்னைத் தாங்குவது அவன் கடமை, பணி செய்து கிடப்பது என் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் பாட்டு. பின் வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வெறும் உழைப்பாகிவிடுகிறது. உழைத்து உழைத்துச் சோர்ந்து, பலன் வரவில்லையே என்று மனம் புழுங்குகிறது. என்னிடம் படித்துப் பெரிய வேலைகளில் இருக்கும் பிள்ளைகள் இந்தப் புழுக்கத்தைத்தான் தொலைபேசியில் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் அந்த முந்தைய வரியைச் சொல்கிறேன். அடியேனையும் என்கிறாரே, அந்த 'உம்' எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லோரையும் தாங்குகிறவன் என்னையும் தாங்குவான். அந்தத் துணிவு வந்த பிறகு 'கிடப்பதே' என்ற சொல் தானாக வாயில் வரும். அதில் அவசரம் இல்லை, பயமும் இல்லை.

போன வருடம் கொள்ளிடக் கரையோரம் ஒரு சிற்றூர்க் கோயிலில் பணி செய்தோம். ஒரு கால பூசை மட்டும் நடக்கும் கோயில். பிராகாரத்தில் முழங்கால் உயரத்துக்கு நெருஞ்சியும் புல்லும். ஊர்க்காரர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். மத்தியானம் வேலை முடிந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல அப்பரின் திருவாரூர்ப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டுக் கிளம்பினோம். அதில் அவர் ஊரைக் கூப்பிடவில்லை, தம் நெஞ்சை மட்டும் கூப்பிடுகிறார்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது பிராகாரத்தில் செதுக்க ஒன்றும் இல்லை. வாசலில் கோலம் இருந்தது. எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "தெனமும் வெளுக்குறதுக்கு முன்னாடி நானும் என் மருமகளும் பெருக்கிடுறோம்மா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்னைக்கிப் பாடுனீங்களே, பெருக்குறதப் பத்தி வருமே, அத வரிவரியாச் சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன்" என்றார். அன்றைக்கு எங்களுக்கு வேறு வேலை இல்லை. மண்டபத்தில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு இது.

நிலைபெறுமாறு எண்ணுதியேல் நெஞ்சே நீவா
நித்தலும் எம்பிரானுடைய கோயில் புக்குப்
புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டுப்
பூமாலை புனைந்தேத்திப் புகழ்ந்து பாடித்
தலையாரக் கும்பிட்டுக் கூத்தும் ஆடிச்
சங்கரா சயபோற்றி போற்றி என்றும்
அலைபுனல்சேர் செஞ்சடைஎம் ஆதீ என்றும்
ஆரூரா என்றென்றே அலறா நில்லே.