மாடி மொழியும் அடுப்படி மொழியும்

எல்லோருக்கும் வணக்கம்.

1962ஆம் ஆண்டு. சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் ஒருவர் பழந்தமிழ் இலக்கண நூல் ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். கைக்கு வந்தது குறுந்தொகை, உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பு. அங்கேயே பிரித்துப் படிக்கத் தொடங்கினார். ஐந்தே ஆண்டுகளில் அந்தப் பாட்டுகள் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலாக வந்தன. குறுந்தொகை என்ற பெயரையே கேட்டிராத பலர் உலகின் பல மூலைகளிலிருந்து அதைப் படித்தார்கள்.

அவர்தான் ஏ. கே. ராமானுஜன். கணித மேதை ராமானுஜன் வேறு, இவர் வேறு. 1929இல் மைசூரில் பிறந்தவர், 1993இல் சிகாகோவில் காலமானார். இவருடைய புத்தகங்களை ஒரே மேசையில் அடுக்கினால் ஒரே ஆள் எழுதியவை என்று நம்பவே கஷ்டமாக இருக்கும். ஆங்கிலக் கவிதைத் தொகுப்புகள், கன்னடக் கவிதைத் தொகுப்புகள், கன்னடத்தில் ஒரு குறுநாவல், சங்கப் பாடல்கள், நம்மாழ்வார் பாசுரங்கள், வசனங்கள் எனப்படும் கன்னட வீரசைவப் பக்திப் பாடல்கள், கன்னட எழுத்தாளர் அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவல் ஆகியவற்றின் மொழிபெயர்ப்புகள், நாட்டுப்புறக் கதைகள், அப்புறம் ஆராய்ச்சிக் கட்டுரைகள். கவிஞர் ஒருவர், ஆய்வாளர் ஒருவர் என்று இவரை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அவர் வளர்ந்த வீட்டிலிருந்து தொடங்கலாம். அப்பா கணிதப் பேராசிரியர். மாடியில் அவருடைய படிப்பறை, அங்கே ஆங்கிலம். கீழே அம்மாவிடம் தமிழ். தெருவில் இறங்கினால் கன்னடம். மாடிக்கும் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு நாளைக்குப் பத்து முறை ஓடுகிற பிள்ளைக்கு மொழிபெயர்ப்பு பழக்கமாகவே வந்திருக்கும். பின்னாளில் அவரே இதை அகம், புறம் என்ற நம் சொற்களுக்கு நெருக்கமாக விளக்கினார். ஆங்கிலமும் தான் கற்ற துறைகளும் தனக்குப் புற வடிவங்களைத் தந்தன, தமிழும் கன்னடமும் அக வடிவங்களைத் தந்தன, இப்போது எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை என்றார்.

குறுந்தொகை மூன்றாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். தேவகுலத்தார் பாடியது. 'நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்றே' என்று தொடங்குகிறது. எது பெரிது? பாட்டு உடனே சொல்லாது. மலைச்சாரல், கரிய காம்புடைய குறிஞ்சிப் பூ, அதிலிருந்து தேன் சேர்க்கும் வண்டு, அந்த நாட்டுக்காரன் என்று வந்து, கடைசிச் சொல்லாக 'நட்பே' என்று முடியும். அதுவரை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தமிழ் வாக்கியம் அப்படி, அடைகளெல்லாம் முன்னால் வரும், தலையான சொல் பின்னால் வரும். ஆங்கிலம் இதற்கு நேர்மாறு.

ராமானுஜன் என்ன செய்தார்? நிலம், வான், நீர் மூன்றையும் தமிழில் இருந்த இடத்திலேயே முதலில் வைத்தார். காதல் என்ற சொல் நடுவில் வந்தது. பிறகு மலை, தேன், பூ என்று உள்ளே உள்ளே போய் அந்தக் கரிய காம்பில் கொண்டுபோய் முடித்தார். 'நட்பே' என்று கடைசிச் சொல்லில் முடிவது போய்விட்டது, அது பெரிய இழப்பு, நான் மறைக்கவில்லை. அகவல் என்ற அந்தப் பா வகையின் ஓசையும் போய்விட்டது. ஆனால் பரந்த உலகத்திலிருந்து ஒரு பூக்காம்பு வரை வாசகரின் கண் நகர்கிற பாதை அப்படியே இருக்கிறது. அந்தப் பாதை அங்கே இருப்பதைக் கண்டுகொள்ள மொழியியல் படித்திருக்க வேண்டும். அதை இன்னொரு மொழியில் போட்டுத் தர கவிஞராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் போதாது.

'செம்புலப் பெயல்நீர் போல' என்ற வரியிலும் இதே துணிச்சல். தமிழில் இருப்பது செம்மண்ணில் பெய்த நீர். அவர் அதைச் சிவந்த மண், கொட்டும் மழை என்று இரண்டாக நிறுத்தினார். என் தாயும் உன் தாயும், என் தந்தையும் உன் தந்தையும், நானும் நீயும் என்று இரண்டிரண்டாக முன்னால் வந்த வரிகளுக்கு அது பொருந்துகிறது. மூலத்தை மீறிவிட்டார் என்று சொல்லலாம். எனக்கு அது பாட்டுக்குள்ளிருந்தே எடுத்த உரிமையாகப் படுகிறது.

சரி, இந்த மனிதர் சொந்தமாக எழுதியபோது? 1966இல் வந்த முதல் தொகுப்பில் வைகையைப் பற்றி ஒரு கவிதை உண்டு. மதுரையில் கவிஞர்கள் வெள்ளத்தை மட்டுமே பாடுகிறார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போன கர்ப்பிணியை எந்தப் பாட்டும் நினைக்கவில்லை. பசுக்களுக்குக் கோபி, பிருந்தா என்று பெயர் இருக்கிறது, அவளுக்குப் பெயர் இல்லை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தமிழ் மரபை இவ்வளவு நேசித்தவர் அதே மரபிடம் கேட்ட கேள்வி இது.

1973இல் வசனங்களின் மொழிபெயர்ப்பு வந்தது. பாடியவர்கள் பசவண்ணர், தேவர தாசிமய்யா, மகாதேவி அக்கா, அல்லமப் பிரபு. பணக்காரர்கள் சிவனுக்குக் கோயில் கட்டுவார்கள், ஏழை நான் என்ன செய்வேன், என் கால்களே தூண், உடலே கோயில் என்கிறார் பசவண்ணர். திருமூலரின் 'உள்ளம் பெருங்கோயில்' நமக்குக் காதில் விழாமல் இருக்காது. நிலையாக நிற்பது அழியும், நடமாடுவது அழியாது என்று முடியும் அந்த வசனத்தை ராமானுஜன் தன் முன்னுரைக்கே மையமாக வைத்துக்கொண்டார்.

அவருடைய 'முந்நூறு ராமாயணங்கள்' கட்டுரையும் அந்த நடமாட்டத்தைத்தான் பேசுகிறது. வால்மீகியில் அகலிகை யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள், கம்பனில் கல்லாகிறாள். இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். இன்னோர் இடத்தில் ஒரு சீதை, 'எந்த ராமாயணத்திலாவது சீதை காட்டுக்குப் போகாமல் இருந்தாளா?' என்று ராமனிடமே வாதாடுகிறாள். இந்தக் கட்டுரையை 2011இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. கம்பனைப் படித்த யாருக்கும் அந்தக் கட்டுரையில் பயப்பட ஒன்றும் இல்லை.

நேரம் ஆகிறது. அவருடைய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு 1991இல் வந்தது, 22 மொழிகளிலிருந்து 110 கதைகள். பாட்டிகளும் அத்தைகளும் சோறூட்டும்போது சொன்னவற்றை ஆய்வுக்குரிய இலக்கியமாக மதித்த மனிதர் அவர். அதில் ஒரு தமிழ்க் கதை. ஒரு விதவைத் தாய், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வரும் அவளைப் படுத்துகிறார்கள். சொல்லி அழ ஆள் இல்லை. சொல்லாத துக்கம் உள்ளேயே சேர்ந்து அவள் உடம்பு பருத்துக்கொண்டே போகிறது, அதற்கும் கேலி. ஒரு நாள் ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகனைப் பற்றிச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. இன்னொரு சுவரிடம் மருமகளைப் பற்றி. இப்படியே நான்கு சுவர்களும் விழுந்துவிடுகின்றன. பாரம் இறங்கிய உடம்போடு அவள் வெட்டவெளியில் நிற்கிறாள்.

இந்தக் கதையை உங்கள் வீட்டில் வேறு மாதிரி சொல்லிக் கேட்டவர்கள் இங்கே இருக்கலாம். இருந்தால், தேநீர் குடிக்கும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.