தெரியாத பெயரை யார் தேர்ந்தெடுப்பார்?

நேயர்களுக்கு வணக்கம். நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நடுவர் துறையில், மூத்தவர்கள் புதியவர்களுக்கு எப்படி வழிகாட்டலாம் என்பதே இன்றைய பேச்சு.

2018-இல் அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸி, வணிகமுத்திரைத் தகராறு ஒன்றில் தமக்கு வந்த நடுவர் பட்டியலில் பொருத்தமான கறுப்பின நடுவர் இல்லை என்று நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார். நடுவர் விசாரணைக்குத் தற்காலிகத் தடையும் கிடைத்தது. பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அன்று எல்லார் காதிலும் விழுந்தது.

பட்டியலில் ஏறிவிட்டால் மட்டும் வழக்கு வந்துவிடுமா? பல நடுவர் மையங்களில் ஒரே பட்டியல் இரு தரப்புக்கும் போகும். வேண்டாத பெயர்களை அடித்துவிட்டு, மீதிக்கு வரிசை எண் போட்டு அனுப்புவார்கள். கட்சிக்காரரின் பணத்துக்குப் பொறுப்பான வழக்கறிஞர் முதலில் அடிப்பது தெரியாத பெயரைத்தான். வழக்கு வராததால் பெயர் தெரியவில்லை, பெயர் தெரியாததால் வழக்கு வரவில்லை. பெண்கள், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் என்று இத்துறையில் குறைவாக இருப்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். வழிகாட்டியின் வேலையும் இங்கேதான். மாதம் ஒருமுறை காபி குடித்து அறிவுரை சொன்னால் இந்த முடிச்சு அவிழாது.

முதலில், ஜூனியரை, அதாவது நீங்கள் வழிகாட்டும் புதியவரை, விசாரணையில் உட்கார வைக்க வேண்டும். அதற்கு இரு தரப்பின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். ஜூனியர் இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். நலமுரண் உண்டா, அதாவது இரு தரப்பில் யாரோடாவது அவருக்குத் தொடர்போ ஆதாயமோ உண்டா என்று பார்க்க வேண்டும். அவர் இருப்பதற்காகக் கட்சிக்காரரிடம் ஒரு காசும் கூடுதலாகக் கேட்கக் கூடாது. ஒப்புதல் கடிதத்தை முதல் நடைமுறைக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். விசாரணை நாள் காலையில் கேட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்.

சும்மா உட்கார்ந்தால் பயனில்லை. மனுக்களைப் படித்து, தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகள் எவை என்று ஜூனியர் முன்கூட்டியே எழுதி வரட்டும். அமர்வு முடிந்த அன்றே அரை மணி நேரம் பேசுங்கள்; மறுவாரம் என்றால் நுணுக்கம் மறந்துபோகும். பிறகு அதே ஆவணங்களை வைத்து மாதிரித் தீர்ப்பு ஒன்று எழுதச் சொல்லுங்கள். புதியவர்கள் வழுக்குவது சட்டத்தில் அல்ல. வட்டியையும் செலவுத்தொகையையும் விட்டுவிடுவார்கள். அல்லது யாரும் கேட்காத நிவாரணத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது ஆபத்தானது: வரம்பு மீறிய தீர்ப்பை அமலாக்க மறுக்க வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை அமலாக்குவதற்கான 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு இடம் தருகிறது.

தீர்ப்பு சொல்லாமல் இரு தரப்பையும் பேசவைத்து முடிக்கும் சமரசப் பேச்சில், ஜூனியரை இணைச் சமரசராக அமர்த்தலாம். ஆனால் சீனியர் வாய் திறந்ததும் எல்லாக் கண்களும் அவர் பக்கம் திரும்பிவிடும், ஜூனியர் குறிப்பெடுப்பவராகச் சுருங்கிவிடுவார். எனவே தொடக்க உரையும் ஒரு தரப்புடனான தனிச் சந்திப்பும் ஜூனியருக்கு என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் அமைதி நிலவினால் சீனியர் நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அது கஷ்டம்தான்.

ஜூனியரின் தன்விவரக் குறிப்பையும் மாற்றி எழுத வேண்டும். தொழிலாளர் தரப்பில் மட்டும் ஜெயித்த வழக்குகளை அடுக்கினால் முதலாளி தரப்பு பெயரை அடித்துவிடும். எந்தத் துறை, எவ்வகை ஒப்பந்தம், எத்தனை நாள் விசாரணை என்று எழுதினால் நடுநிலையாளருக்குரிய குறிப்பாகும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஒன்று உண்டு. நேரமில்லை என்று நீங்கள் ஒரு நியமனத்தை மறுக்கும்போது, அந்தக் கடிதத்திலேயே இரண்டு புதிய பெயர்களைச் சொல்லுங்கள். பின்னாளில் அந்த ஜூனியரே உங்கள் முன் வழக்காட வந்தால், இந்த உறவை முதல் நாளே இரு தரப்புக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.