ஓர் எழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

என் அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. இருப்பது இரண்டு தாள்கள்தான். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயர் ஓர் எழுத்து மாறி. அந்த எழுத்தை மாற்றியவர் அம்மா இல்லை. யாரோ ஒருவர் தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் இரண்டும் நான்தான் என்று நிரூபிக்க வேண்டியவர் அம்மா! திருத்தப் போனால், சரியான பெயர் உள்ள வேறொரு ஆவணம் கொண்டுவரச் சொல்கிறார்கள். அதை வாங்கப் போனால், முதலில் அட்டையைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எழுதியவரின் பிழைக்கு, பெயருக்கு உரியவரைச் சந்தேகமாகப் பார்க்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெயர் ஒரு எழுத்து முறையிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலே சிக்கல்தான். கடவுச்சீட்டின் அடியில், இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். வரிக்கு 44 இடங்கள். ரோமன் எழுத்துகள் 26, எண்கள், காலி இடத்தை நிரப்ப ஒரு குறி, அவ்வளவுதான். லகரமும் ளகரமும் அங்கே ஒன்றாகிவிடும். ழகரத்தை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள், எதையும் தவறு என்று சொல்ல முடியாது. கணினிக்கோ எழுத்து மாறினால் ஆளே வேறு.

1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, குழந்தை பிறந்த உடனே பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. ஆனாலும் உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 15 கோடிப் பேருக்குப் பிறப்புப் பதிவு இல்லை என்று 2024-இல் யூனிசெஃப் கணக்குச் சொன்னது. அவர்களும் வளர்ந்து ஒருநாள் ஏதோ ஒரு கவுன்டரில் நிற்பார்கள். என்ன காட்டுவார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அலுவலகத்தில் நேர்ந்த பிழையை அலுவலகமே திருத்தட்டும். மறுப்பதாக இருந்தால், இன்ன காரணம், இன்ன தாள் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவதால்தான் ஒருவர் நான்கு முறை நடக்க வேண்டியிருக்கிறது.

சரி, தாள் போனால் போகட்டும், கைரேகை இருக்கிறதே என்பீர்கள். அம்மாவின் விரல்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகைகள் மழுங்கிப் போன விரல்கள். கருவியில் வைத்தார், சிவப்பு விளக்கு. "அழுத்தி வைங்கம்மா." மறுபடியும் சிவப்பு. அம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டது போல என்னைப் பார்த்தார். அப்புறம் பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். கருவியின் கண்ணாடியைத் துடைத்தார். ஈரத்துணியால் அம்மாவின் விரலை லேசாக ஒற்றி எடுத்து, "இந்த விரல் வேண்டாம்மா, மோதிர விரலை வைங்க, மெதுவா" என்றார்.

பச்சை விளக்கு எரிந்தது.