முட்டைப் பெட்டிக்குள் காற்று எங்கே ஓட வேண்டும்?

[காட்சி: மூடி திறந்த தெர்மாகோல் பெட்டி. மேலே ஒன்று, அடியில் ஒன்று என இரண்டு தெர்மாமீட்டர்கள்.]

குரல்: மேலே இருக்கும் தெர்மாமீட்டரில் 32 டிகிரி. ஒரு சாண் கீழே இருப்பதில் 29. பெட்டியும் ஒன்று, ஹீட்டரும் ஒன்று. சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தால் 31 என்று சாதிக்கிறது. அது பொய் சொல்லவில்லை. தன் சென்சார் தொங்கும் இடத்தின் கதையைச் சொல்கிறது, அவ்வளவுதான். பாம்பு, பல்லி முட்டைகளைப் பொரிக்க வைக்க நான் முதலில் செய்த பெட்டி இப்படித்தான் இருந்தது.

மூன்று டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது? லெப்பர்டு கெக்கோ என்ற பல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதே வெப்பம்தான். 26 டிகிரியில் பெரும்பாலும் பெண். 32, 33-ல் பெரும்பாலும் ஆண். அதற்கும் மேலே போனால் மறுபடியும் பெண்! இப்படி ஒன்று ஊர்வனவற்றில் நடக்கிறது என்று 1966-ல் எழுதியவர் மாதலென் சார்னியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர். அவர் கவனித்தது ஒரு வகை ஓணான். பால் பைதான் (ball python) என்ற மலைப்பாம்பு போன்ற பாம்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 31, 32-ஐத் தாண்டிச் சூடு ஏறிக்கொண்டே போனால், குஞ்சு முதுகெலும்பு வளைந்து பிறக்கலாம், முட்டைக்குள்ளேயே செத்தும் போகலாம்.

[காட்சி: பெட்டியின் மூலையில் கணினியில் பொருத்தும் சின்ன ஃபேன். அதன் முன் ஒரு நூல் ஆடுகிறது.]

சூடான காற்று மேலே போய் அங்கேயே தங்கிவிடும். அதைக் கலக்கிவிடத்தான் இந்த ஃபேன். 12 வோல்ட் ஃபேனுக்குக் குறைந்த வோல்ட் கொடுத்து மெதுவாகச் சுற்ற விட்டால் போதும். நூல் லேசாக ஆட வேண்டும், பறக்கக் கூடாது. இதைத் தெர்மோஸ்டாட்டோடு இணைக்காதீர்கள். ஹீட்டர் அணையும்போது ஃபேனும் நின்றால் காற்று மறுபடி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அது பாட்டுக்கு எப்போதும் ஓடட்டும்.

இங்கேதான் நான் அடுத்த தப்பைச் செய்தேன். ஃபேனை நேராக முட்டையைப் பார்த்து வைத்துவிட்டேன். நான்கே நாளில் முட்டைகள் காற்றுப் போன பந்து மாதிரிக் குழிந்துவிட்டன. பாம்பு, பல்லி முட்டைகளில் பல, தோல் போன்ற ஓடு கொண்டவை. சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சும், காற்றில் அதை இழக்கவும் செய்யும்.

[காட்சி: மூடிய பிளாஸ்டிக் டப்பா. உள்ளே வெர்மிகுலைட்டில் பாதி புதைந்த முட்டைகள், உச்சியில் பென்சில் குறி.]

அதனால் முட்டைக்குத் தனி டப்பா. அதில் வெர்மிகுலைட் என்ற, ஈரத்தைப் பிடித்து வைக்கும் தாதுத் துகள், கூடவே ஏறக்குறைய அதே எடைக்குத் தண்ணீர். கையில் பிடித்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. டப்பாவின் பக்கத்தில் ஊசித் துளை இரண்டு மூன்று. காற்று டப்பாவைச் சுற்றி ஓடட்டும், உள்ளே வீச வேண்டாம். பென்சில் குறி எதற்கென்றால், இட்ட ஓரிரு நாளில் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கருவுக்கு ஆபத்து.

டப்பா மூடியில் நீர் கோத்துச் சொட்டுகிறதா? மூடி உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபேன் காற்று மூடியின் மேலும் பட்டால் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அப்படியும் சொட்டினால் டப்பாவை அசைக்காமல் மூடியை மட்டும் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

சென்சாரை முட்டை மட்டத்தில், டப்பாவின் பக்கச் சுவரில் ஒட்டுங்கள். ஹீட்டருக்கு அருகில் வேண்டாம். மிச்ச இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்தாலும், சற்று நேரம் கரண்ட் போனாலும் சட்டென்று இறங்காது. அப்புறம், தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது. ஒரு டிகிரி கூடுதலாக வைத்த இரண்டாவது தெர்மோஸ்டாட்டைத் தொடராக இணைத்தால் அது வெட்டிவிடும். இந்தச் செலவில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

சரி, முட்டை வைக்கும் முன் ஒரு வாரம் காலியாக ஓட்டுங்கள். மேலும் கீழும் அரை டிகிரிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

[காட்சி: ஓட்டில் நீளக் கீறல். அதில் ஒரு பாம்புக் குட்டியின் மூக்கு.]

கடைசி வாரங்களில் கரு பெரிதாகிவிடும், அதிகம் மூச்சு வாங்கும். வாரம் ஒருமுறை திறந்த டப்பாவை இப்போது இரண்டு மூன்று முறை, சில நொடிகள் திறந்து மூடுங்கள். ஓடு கீறியபின் குட்டி ஒரு நாள்கூட இப்படியே மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும். இழுத்துவிடாதீர்கள், மஞ்சள் கருவின் மிச்சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஃபேன் ஓடட்டும்.